மேனகாவுக்குப் பார்த்த கார்

உ

உப்பளம்,
திங்கட்கிழமை.

மேனகா அப்பா அவர்களுக்கு அமுதவல்லி எழுதுவது. இங்கே நானும் மேனகாவும் இருக்கிறோம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் போனில் சொல்லும் அதே "நல்லாருக்கேன்"தான் வரும், அதனால் கேட்கவில்லை. பையன் பிறந்த நாளிலிருந்து உங்களை இளம்பரிதி அப்பா என்றுதான் கூப்பிட்டேன். அப்படியே எழுத ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இப்போது இப்படி எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். நீங்கள் ரூமில் ஏழு பேரை வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் "சரி சரி, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். அந்த அப்புறம் பத்து மாதமாக வரவில்லை. நம் தெரு வடிவேல் லீவு முடிந்து வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறான். நெத்திலிக் கருவாடும் இந்தக் கடிதமும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஐந்தாவது வரை படித்தவள் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் விஷயம்தான். மேனகா வேலை செய்யும் சேதராப்பட்டுக் கம்பெனி ஒன்றாம் தேதியிலிருந்து டவுனுக்கு விடும் பஸ்ஸை நிறுத்துகிறது. அவரவர் வண்டியில் வந்துகொள்ள வேண்டுமாம். அவளுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். இரண்டாவது ஷிப்ட் விட்டால் டவுன் பஸ் கிடையாது. கூட வேலை செய்யும் பெண்களெல்லாம் ஸ்கூட்டி வாங்குகிறார்கள். ஸ்கூட்டி என்று இவள் சொன்ன அன்று சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தேன். இரண்டு சக்கரத்துக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தாயிற்று. இன்னொன்றைக் கொடுக்க என்னால் ஆகாது. கார் இல்லையென்றால் அவள் வேலையை விட வேண்டும். விட்டால் வீட்டில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்தத் தண்டனை அவளுக்கு வேண்டாம். டிரைவிங் ஸ்கூல் போய் ஓட்டப் பழகி லைசென்சும் வாங்கிவிட்டாள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

கையில் இருப்பது நீங்கள் பேங்கில் போட்டு வைத்த நாலரை லட்சம். அது பரிதியின் படிப்புக்குச் சேர்த்தது. அதைப் பற்றி மேலே எழுத வேண்டாம்.

நீங்கள் அங்கிருந்தே போனில் படம் பார்த்து, வெள்ளைக் கலர் புது வண்டிக்கு முன்பணம் கட்டிவிட்டீர்கள். சரி, என்னதான் கட்டியிருக்கிறார் பார்ப்போம் என்று சனிக்கிழமை நம் கருவாட்டுக் கடையைப் பக்கத்துக் கடை மாலாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஷோரூமுக்குப் போனோம். டை கட்டிய ஒருவன் எங்களைத் தாண்டி வாசலைப் பார்த்து "சார் வரலையா மேடம்" என்றான். சார் குவைத்தில் என்று சொன்னதும் சோபாவைத் தட்டி உட்கார வைத்து, காகித டம்ளரில் காப்பி கொடுத்தான். அந்தக் காப்பியை நம் பெரிய மார்க்கெட்டில் விற்றால் டம்ளரோடு மூஞ்சியில் வீசுவார்கள். போர்டில் ஒரு விலை இருந்தது. அவன் தாளில் எழுதிக் கொடுத்தது வேறு விலை. நடுவில் ஒன்றரை லட்சம் எங்கே போனது என்று கேட்டேன். இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் என்றான், அது நியாயம். பிறகு சீட்டுக்கு உறை, காலடிக்கு மிதியடி, அடிப்பக்கம் பூச்சு, உள்ளே தொங்கவிட வாசனை என்று வரிசையாக வாசித்தான். வாளைக் கருவாட்டை நிறுத்துப் போட்டுவிட்டு, உப்புக்குத் தனி, கட்டின கயிற்றுக்குத் தனி என்று நான் கேட்டால் என்னை விட்டுவைப்பார்களா?

இன்னொன்றும் இருக்கிறது. வண்டி எடுக்கும் நாளில் அதைச் சிவப்புத் துணியால் மூடி வைப்பார்களாம். வீட்டார் சேர்ந்து அந்தத் துணியை இழுக்க வேண்டுமாம். கேக் வெட்ட வேண்டுமாம். முறம் அளவுக்கு ஒரு அட்டைச் சாவியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இந்தக் கூத்துக்கும் சேர்த்துத்தான் ஏழு லட்சம். "பேமிலில எத்தன பேர் மேடம்? கேக்குல எழுதணும்" என்று கேட்டான். மேனகா எழுந்து வெளியே போய்விட்டாள். என் நாக்கு நாலு என்றுதான் போனது. இழுத்துப் பிடித்து மூன்று என்றேன்.

அவன் பேசியதில் ஒன்றுதான் எனக்குக் காதில் ஏறியது. வண்டிக்குள் ஆறு இடத்தில் காற்றுப் பை இருக்கிறது, இடித்தால் விரிந்து ஆளைத் தாங்கும் என்றான். நீங்கள் எதற்காக அந்த வண்டியையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அப்போது புரிந்தது. ஆனால் மீதிப் பணத்துக்கு லோன். அதை அடைக்க இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை செய்யக் கம்பெனித் தாளில் கையெழுத்துப் போடப் போவதாகப் போன வாரம் சொன்னீர்கள். சொன்ன குரலைக் கேட்டேன். கஷ்டப்பட்டுச் சொன்ன குரலாக இல்லை. தப்பித்தவன் குரலாக இருந்தது.

இதற்குள் உங்கள் அம்மாவுக்குச் சேதி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும் முன்னே புது வண்டி வந்து நிற்கக் கூடாது, பழைய வண்டி என்றால் தோஷமில்லை என்றார்கள். எந்த அய்யர் சொன்னார் என்று கேட்டேன். பெரியவங்க சொல்லுவாங்க என்றார்கள். இதே பெரியவர்தான், பொங்கலன்று நம் வீட்டில் அடுப்புப் பற்றாமல் கிடந்தபோது, உங்கள் தம்பி வீட்டில் புது பிரிட்ஜ் இறக்கி அதற்குக் குங்குமம் வைத்தவர். பிரிட்ஜுக்குத் துக்கம் கிடையாது போலிருக்கிறது. காருக்கு மட்டும்தான். பழைய வண்டிக்கு ஏன் தோஷமில்லாமல் போனது என்பது அவர்கள் எழுந்து போகும்போது தெரிந்தது. உங்கள் தம்பி செல்வகுமாருக்குத் தெரிந்த தரகர் ஒருவர் இருக்கிறாராம்.

செவ்வாய்க்கிழமை.

இன்று செல்வகுமார் எங்களை விழுப்புரம் ரோட்டில் அந்தத் தரகர் இடத்துக்கு அழைத்துப் போனான். தகரக் கொட்டகையில் முப்பது நாற்பது கார் நின்றது. எல்லாவற்றுக்கும் புது மாப்பிள்ளை மாதிரி எண்ணெய் தடவியிருந்தது. எங்களுக்கென்று எடுத்து வைத்தது நாலு வருஷத்து வண்டி, சாம்பல் கலர், விலை மூன்று இருபது. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கதவைத் திறந்ததும் சென்ட் வாசனை குப்பென்று அடித்தது. ஒன்றுக்கு இரண்டாகத் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்கு அங்கேயே பிடிக்கவில்லை. ஊதுவத்தி கொளுத்தி வைக்கும் கருவாட்டுக் கடையில் நான் ஒருநாளும் சரக்கு எடுத்ததில்லை.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்து பார்த்தேன். "கருவாட்டுக் கடையில உக்காந்துக்கினு இருக்கறவங்களுக்கு காரு வாசன என்னா தெரியும் அண்ணி" என்றான் செல்வகுமார். தரகரும் அவனும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். உங்கள் தம்பியின் கல்யாணச் செலவில் பாதி அந்தக் கருவாட்டுக் கடையிலிருந்து போனது.

ஓட்டுகிறவர் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். என் பெண்ணின் நெஞ்சில் குறுக்கே போகப் போகிற பட்டை அது. எவ்வளவு தாங்கும் என்று பார்க்கலாமென்று கடைசி வரை இழுத்தேன். வெளியே தெரிகிற பாகம் துவைத்து வைத்த மாதிரி இருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த பாகத்தில் ஒரு முழத்துக்குச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. மிதியடியைத் தூக்கி, அதன் கீழே ஒட்டியிருந்த துணியையும் பிய்த்து முகர்ந்து பார்த்தேன். அந்தப் பெரிய புயலில் நம் வீட்டுக்குள் முழங்கால் அளவு சாக்கடைத் தண்ணீர் நின்றதே, வடிந்த பிறகு ஒரு மாதம் சுவரில் அடித்ததே, அதே நாற்றம். வண்டி கூரை வரை முங்கி எழுந்திருக்கிறது.

தரகர் டீ சொல்லட்டுமா என்றார். "குளிச்சி எழுந்த வண்டிக்கு டீ எதுக்கு, அதுக்கு மாத்திரை குடுங்க" என்றேன். அவருக்கு வெட்கமே இல்லை. "புயல்ல நனையாத வண்டி பாண்டிச்சேரில எதும்மா இருக்குது" என்று கேட்டார். நடுரோட்டில் நின்றுபோகும், பிரேக் ஒயர் துரு ஏறும் என்று மேனகா விளக்கினாள். கம்பெனியில் தர சோதனையில் இருப்பவள், அவளுக்குத் தெரியாதா? செல்வகுமாருக்கு முகம் சிறுத்துப் போயிற்று. தரகு போனால் யாருக்குத்தான் கோபம் வராது. தரகர் முன்னால் இப்படிச் சொன்னான்.

"எங்கண்ணன் புதுசு புதுசுன்னு வாங்கிக் குடுத்துதான ஒண்ண வாரிக் குடுத்தோம். இன்னமும் புதுசு வேணுமா உங்களுக்கு?"

நான் ரோட்டுக்கு வந்து ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினேன்.

ஆட்டோவில் வரும்போது மேனகா வெளியே பார்த்தபடி, "சித்தப்பா அப்பாவ அப்படி சொன்னாரே, நீ ஏம்மா பேசாம நின்ன?" என்று கேட்டாள். மார்க்கெட்டில் இறங்கும்போது அவளே சொன்னாள். "தம்பி போன்ல கடைசியா வந்த கால் உன்னோடது. எனக்கு அன்னைக்கே தெரியும்."

இதோடு நிறுத்துகிறேன்.

புதன்கிழமை.

முதலில் கார் முடியட்டும், பிறகு மற்றது.

பெர்னதெத் மதாமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீடு. சனிக்கிழமை தவறாமல் வஞ்சிரக் கருவாடு வாங்க வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் முன்னும் பின்னும் திருப்பி, முள்ளை நிமிண்டி, "இது போன வாரத்துது" என்று சொல்லி, இருபது வருஷமாக என் உயிரை எடுக்கிற அம்மாள். அவர் வீட்டுக்காரர் தவக்காலத்தில் இறந்துபோனார். காரை விற்கப் போகிறார் என்று மாலாதான் சொன்னாள். அந்தக் கஞ்சப் பிசினாரியிடமா என்று முதலில் முகத்தைச் சுளித்தேன். பிறகு யோசித்தேன். நூறு கிராம் கருவாட்டுக்கே இவ்வளவு பார்க்கிற பொம்பளை, காரை எப்படி வைத்திருப்பாள்?

மெக்கானிக் ஆரோனைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போனோம். மேனகாவுடன் வேலை செய்யும் ரூபியின் அண்ணன் அவன். காரைப் பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தார்கள். ஏழு வருஷத்து வண்டி. ஓடியது இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டர்தான். கோயில், ஆஸ்பத்திரி, இரண்டு தடவை வேளாங்கண்ணி, அவ்வளவே. வண்டிக்குச் செய்த ஒவ்வொரு வேலைக்கும் ரசீதை வருஷ வாரியாகக் கோத்து வைத்திருக்கிறார். பஞ்சருக்குக்கூட ரசீது இருக்கிறது. பஞ்சர் கடைக்காரனிடம் ரசீது வாங்கின ஒரே ஆள் இந்த ஊரில் அவராகத்தான் இருக்கும். ஆரோன் அடியில் படுத்துப் பார்த்தான், ஒயர் மாட்டி அவன் மெஷினில் பார்த்தான். முன்னால் இரண்டு காற்றுப் பை, இரண்டும் விரியாமல் சரியாக இருக்கிறது, எங்கும் இடித்த வண்டியில்லை, தண்ணீர் ஏறவில்லை என்றான். நின்றே கிடந்ததால் டயர் நாலும் காய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். பேட்டரியும் புதிது போட வேண்டும். நான் பெல்ட்டுகளைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

விலை மூன்று அறுபது. டயருக்காவது குறையுங்கள் என்று ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றேன். "ஒரு ரூபா கொறைக்க மாட்டேன் அமுதா. நீ என்னைக்காவது எனக்குக் கொறச்சிருக்கியா?" என்றார். அதற்கு மேல் ஒரு நிபந்தனை வேறு. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு மேனகா அவரை அந்தக் காரிலேயே கோயிலில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். வீட்டுக்காரர் போன பிறகு ஆட்டோவில் போய் இறங்குகிறாராம். எல்லாரும் பார்க்கிறார்களாம். கட்டினவன் செத்தும் இந்த அம்மாளுக்கு ஊர் என்ன பார்க்கிறது என்பதுதான் கவலையா என்று மனதுக்குள் காறித் துப்பினேன்.

துப்பியது என் மேலேயே விழுந்தது. ஊர் என்ன பார்க்கும் என்றுதானே நானும் பத்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்கிறேன். தள்ளிப்போய்த் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

அன்று பதினொரு மணிக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வாளைக் கருவாடு இரண்டு கட்டு அப்போதுதான் கடையில் இறங்கியிருந்தது. மேலே போர்த்துகிற தார்ப்பாயை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். பரிதிக்குப் போன் செய்தது நான். வீட்டுப் பக்கம் அதற்குள் மழை பிடித்திருந்தது, அவன் தூங்கி எழுந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். "மழ விட்டதும் எடுத்தாறேம்மா" என்றான். "சரக்கு நனையறதுக்குள்ள வாடா. உங்கப்பா வண்டிய எதுக்கு வாங்கிக் குடுத்தாரு, நிறுத்தி வச்சு பாக்கறதுக்கா" என்றேன். என் பிள்ளையிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

தார்ப்பாயை மடித்து முன்னால் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அவசரத்தில் கயிறு கட்டவில்லை. சிக்னலுக்கு முன்னால் காற்றில் பிரிந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. பின்னால் லாரி வந்தது. போலீஸ் வேகம் என்று எழுதிக்கொண்டார்கள். ரோட்டோரம் கிடந்த தார்ப்பாய் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் பார்த்தேன். நம்முடையதுதான், மூலையில் நான் போட்ட தையல் இருந்தது. அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் கூடிய எல்லாரும், மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு சுற்றப் போனான், அப்பன் கொடுத்த செல்லம் என்றார்கள். நீங்கள் குவைத்திலிருந்து வந்து இறங்கியபோது உங்கள் அம்மாவே உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்கி, "நீ வாங்கிக் குடுத்த எமன்டா அது" என்று அழுதார்கள். பதினாறு நாளும் நீங்கள் தலையைத் தூக்கவில்லை. நான் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காரியம் முடிந்த மறுநாளே நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். பெட்டிக்கு ஜிப் போட்டுக் கொடுத்தது நான்.

வண்டி நீங்கள் வாங்கிக் கொடுத்தது. போகச் சொன்னது நான். இந்தக் கடிதத்தில் ஷோரூம்காரனை, தரகரை, உங்கள் அம்மாவை, தம்பியை, மதாமை எல்லாரையும் ஏசியிருக்கிறேன். பெற்ற பிள்ளையை இரண்டு கட்டுக் கருவாட்டுக்கு மழையில் இழுத்தவளைவிட அவர்கள் யாரும் மோசமில்லை. சரக்கு அன்று நனையவே இல்லை. கடைக்கு மேல் மழை வருவதற்கு முன்னால் சேதி வந்துவிட்டது.

புது வண்டி வேண்டாம். முன்பணம் போனால் போகட்டும், திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஆறு பைக்காக நீங்கள் இரண்டு வருஷத்தை அங்கே போய்க் கொட்ட வேண்டாம். அடைக்க வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை. மதாம் சனிக்கிழமை வரைதான் வேறு யாருக்கும் காட்ட மாட்டேன் என்றிருக்கிறார். கடிதம் கைக்கு வந்ததும் பேங்குக்குச் சொல்லுங்கள், பணம் வந்துவிடும். ஒன்றாம் தேதி மேனகா வேலைக்குப் போக வேண்டும். மிச்சம் டயருக்கும் பேட்டரிக்கும் போக, உங்கள் டிக்கெட்டுக்குக் காணும்.

கம்பெனித் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஐப்பசியில் பரிதிக்கு வருஷப் படையல் வருகிறது. முன்னால் நின்று தானே செய்வதாகச் செல்வகுமார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். பெற்றவன் உயிரோடு இருக்கும்போது அவன் கை எதற்கு? அன்று எல்லார் நடுவிலும், உங்கள் அம்மா முன்னாலும், இதில் எழுதியதை நானே வாயால் சொல்கிறேன். அதன் பிறகு என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டாமென்று தோன்றினால் அது உங்கள் இஷ்டம்.

எந்தத் தேதி, எத்தனை மணி விமானம் என்று மட்டும் சொல்லுங்கள். சென்னைக்குக் கார் வரும். மேனகா ஓட்டுவாள், அவள் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள், பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். நான் பின்னால் இருப்பேன். என்னை ஏச வேண்டுமானால் வழியிலேயே ஏசிவிடுங்கள். ஊர் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும்.

மயிலம் முருகன் உங்களைக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

அமுதவல்லி